அயோடின் ஐயாவும் அழாத பிள்ளையும்

மலாக்காவில், காஜா பெராங்கில் கலியாணசுந்தரத்தைத் தெரியாதவர் கிடையாது. அப்படி யாராவது இருந்தால் அவரே போய்த் தன்னைத் தெரியப்படுத்திக்கொள்வார். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பதினோரு வருடம் டிரஸராக இருந்தவர். டிரஸர் என்றால் டாக்டர் இல்லை. டாக்டர் வராத நாளில் டாக்டர். டாக்டர் மாதம் ஒருநாள்தான் வருவார் என்பதால் மிச்சம் இருபத்தொன்பது நாளும் நானூறு பேருக்கு இவர்தான் தன்வந்திரி. கத்தி பட்ட காயம், அட்டை கடித்த புண், ஆறாத சொறி, எது வந்தாலும் பஞ்சில் அயோடினைத் தொட்டுத் தடவிவிடுவார். தலைவலி என்று வந்தவனுக்கும் நெற்றியில் தடவினார் என்று ஒரு கதை உண்டு. அது பொய். வயிற்றுவலி என்று வந்தவனுக்குத்தான் தடவினார். அதிலிருந்து அவருக்கு அயோடின் ஐயா என்று பெயர். தன்னைப் பட்டம் கொடுத்துக் கௌரவித்திருக்கிறார்கள் என்றே அவர் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடினார், தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள், மருந்து அலமாரியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைசி அயோடின் புட்டியும் அதோடு போயிற்று. கலியாணசுந்தரம் மனைவி கமலவேணியை அழைத்துக்கொண்டு மலாக்காவுக்கு வந்து, காஜா பெராங்கில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு வாடகை வீட்டில் குடியேறினார். ஊரில் காலி மனை இருந்தால் அதில் ஊபி நடவேண்டும் என்று உத்தரவு. ஊபி என்றால் மரவள்ளிக்கிழங்கு. நடுகிறவர்களை மேற்பார்வை பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. மருந்துதான் தீர்ந்துபோயிற்றே தவிர, ஆலோசனை தீரவில்லை. அதை எந்த லாரியிலும் ஏற்றிக்கொண்டு போக முடியவில்லை.

கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, சுவரில் தொங்கிய ஜப்பான் நாட்காட்டி 2604 என்று காட்டிய வருடத்தில், அதாவது 1944-ல், அவர்களுக்கு சீதா பிறந்தாள். இத்தனை நாள் ஊருக்கு இறைத்த ஆலோசனையை வீட்டிலேயே இறைக்க ஒரு சந்தர்ப்பம். கலியாணசுந்தரம் விடுவாரா?

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் எல்லா வீட்டிலும் உண்டு. நண்டு, இறால், கருவாடு எல்லாம் கரப்பான் பண்டம்; தாய் தின்றால் பால் வழியாகப் பிள்ளைக்குச் சொறி வரும் என்று ஒதுக்குவார்கள். ஏதோ நாற்பது நாள், மிஞ்சினால் மூன்று மாதம். கலியாணசுந்தரம் அதைப் பால் குடி மறக்கும்வரை என்று நீட்டினார். மீன் கூடாது, முட்டை சூடு, இறாலை இடித்துச் செய்த பெலாச்சான் பக்கமே போகக்கூடாது. ரேஷனில் வந்த அரிசி காக்கைக்கு வைக்கத்தான் காணும். ஆகவே காலையில் ஊபி, மத்தியானம் ஊபி, பொழுதுசாய ஊபி. கிழங்கை அவித்த தண்ணீரைக் கொட்டுவது படிக்காதவர்கள் செய்கிற வேலை, சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று ஒரு கண்டுபிடிப்பும் அவரிடம் இருந்தது. சட்டியை மூடி வைத்து அவிக்கச் சொல்லி, அந்தத் தண்ணீரில் மிளகைத் தட்டிப் போட்டு, ‘சூப்’ என்று பெயரும் வைத்தார். கமலவேணி “சரிங்க” என்று மூன்று வேளையும் குடித்தாள். 

இந்தப் பத்தியத்தைத் தெருவில் பால் கொடுத்துக்கொண்டிருந்த இன்னும் மூன்று பெண்களுக்கும் அவர் இலவசமாக வழங்கினார். வாசலில் நின்று அரைமணி நேரம் விளக்குவார். அவர்களும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “சரிங்க ஐயா, சரிங்க ஐயா” என்று தலையாட்டுவார்கள். தலையாட்டல் எத்தனை இனிமையான விஷயம்! தோட்டத்தை விட்டு வந்தபிறகு அவருக்கு அதுதான் சாப்பாடு.

பத்தியத்தின் பலன் கண்முன்னே தெரிந்தது. சீதா அழவே மாட்டாள். கொழுகொழுவென்று, வைத்த இடத்தில் வைத்தபடி கிடப்பாள். அடுத்த வீட்டில் சுப்பையன் மகன் வீறிட்டு அலறும்போதெல்லாம் கலியாணசுந்தரம் வாசலுக்கு வந்து, “எம்பொண்ணு சத்தம் என்னைக்காவது கேட்டிருக்கியா சுப்பையா? எல்லாம் தாய் சாப்பிடறதுல இருக்கு” என்பார். கமலவேணியும் அமைதியாகிக்கொண்டு வந்தாள். பகலிலேயே கண் சொருகும். சித்திரை வெயிலிலும் போர்வை தேடுவாள். குரல்கூடத் தடித்து, நிதானமாகிவிட்டது. கழுத்து சற்றுப் பூரித்து, தாலிக் கயிற்றைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. ஊரே வற்றிக் கிடக்கிற காலத்தில் தன் பெண்டாட்டிக்கு மட்டும் கழுத்தில் சதை வைக்கிறது என்று அவர் உள்ளுக்குள் பூரித்தார். அவரைப்போல் இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற குருடர் ஒருவர் இருந்திருக்கமாட்டார்.

பக்கத்துச் செட்டிக் கம்போங்கில், அதாவது செட்டிகளின் குடியிருப்பில், வடிவாம்பாள் என்று ஒருத்தி. முந்நூறு நானூறு வருடத்துக்கு முன்பு வந்து இங்கேயே வேரூன்றிய செட்டிக் குடும்பம். நெற்றியில் திருநீறு, உடம்பில் சரோங் கெபாயா, வாயில் மலாய். சாமி பெயரும் உறவுமுறையும் மட்டும்தான் தமிழில் வரும். சீதாவுக்கு இரண்டு மாதம் ஆனபோது அவள் ஒரு புட்டி சிஞ்சாலோக் கொண்டுவந்தாள். பொடிக் கூனி இறாலை உப்பும் ஒரு பிடி சோறும் கலந்து புளிக்கவைத்தது. கமலவேணியின் கழுத்தைப் பார்த்து அவள் முகம் ஏன் மாறியது என்று கலியாணசுந்தரம் கேட்கவில்லை.

“பாகி டியா மக்கான்லா, டிரஸர். சூசு பாஞாக்,” என்றாள் வடிவாம்பாள். அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள், பால் நன்றாக ஊறும் என்று.

கலியாணசுந்தரம் தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் கரப்பான் என்றால் என்ன என்று ஒரு பிரசங்கம் செய்தார். புட்டியை இரண்டு விரலால் பிடித்து அவள் கையிலேயே கொடுத்தார். அவள் போனபிறகு, “தமிழே தெரியல, பத்தியம் எங்கேர்ந்து தெரியப்போவுது?” என்று மனைவியிடம் சிரித்தார். கமலவேணி புட்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. அதுவும் அவர் கண்ணில் படவில்லை.

சீதாவுக்கு ஐந்து மாதம் ஆனதும், ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருவில் இருக்கிற பிள்ளையார் கோவிலுக்குக் குடும்பத்தோடு போனார். சாமி கும்பிட என்று பெயர். உண்மையில் டாக்டர் பொன்னுதுரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே வருவார் என்று கேள்விப்பட்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படித்த மனுஷரிடம் தன் பிள்ளையைக் காட்டி ஒரு சபாஷ் வாங்கவேண்டும் என்பது கலியாணசுந்தரத்தின் ஆசை.

“பாருங்க டாக்டர். அஞ்சு மாசம். இதுவரைக்கும் அழுததே இல்ல.”

டாக்டர் சிரித்தபடி குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். “அழுகிறதேயில்லையோ?”

“சத்தமே கிடையாதுங்க. எப்பவாச்சும் ஒரு முனகல். அதுவும் ஆம்பள கொரல் மாதிரி, கம்பீரமா.”

“பாலுக்கு?”

“நாமதான் எழுப்பிக் குடுக்கணும். அவ்வளவு பொறுமை.”

“வெளியாலை போறது?”

“அஞ்சு நாளைக்கு ஒருக்கா. குடிக்கிறது எல்லாம் ஒடம்புல ஒட்டுதுங்க, வீணே ஆவறதில்ல.”

டாக்டரின் சிரிப்பு எங்கேயோ நின்றுவிட்டது. சட்டையை விலக்கித் துருத்திக்கொண்டிருந்த தொப்புளைப் பார்த்தார். உள்ளங்காலைத் தொட்டார், அது குளிர்ந்திருந்தது. “நாக்கு எப்பவும் இப்பிடி வெளியிலையோ?”

“அது... வேடிக்கை பண்ணுவா டாக்டர்.”

“முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவவோ?”

கலியாணசுந்தரம் வாயைத் திறந்தார். பதில் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லித்தான் பழக்கம். இந்தமுறை குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தார். ஐந்து மாதமாகத் தினமும் பார்க்கிற முகம். அது ஒருநாளும் தன்னைப் பார்த்துச் சிரித்ததில்லை என்பது அந்த நிமிஷம்தான் அவருக்குத் தெரிந்தது.

டாக்டர் கமலவேணியை வெளிச்சத்துக்கு வரச்சொல்லி, கழுத்தில் விரல் வைத்து, எச்சிலை விழுங்கச் சொன்னார். அவள் விழுங்கியபோது அந்தப் பூரிப்பு மேலே ஏறி இறங்கியது.

“என்ன சாப்பிடுறீர், பிள்ளை?”

கமலவேணி கணவரைப் பார்த்தாள். எல்லாவற்றையும் அவரே சொன்னார். மீன் இல்லை, முட்டை இல்லை, மூன்று வேளை ஊபி, மூடி அவித்த தண்ணீரில் சூப். இன்று காலைவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த பட்டியல்தான். இப்போது ஒவ்வொன்றும் சொல்லச் சொல்லத் திருட்டை ஒப்புக்கொள்வதுபோல் இருந்தது.

“கேளும் காணும்,” என்றார் டாக்டர். “கழுத்துக்குள்ளை ஒரு சுரப்பி இருக்கு. தைரோயிட் எண்டு சொல்லுறது. உடம்பு வளரவும் மூளை வளரவும் அதின்ரை சுரப்பு வேணும். அந்தச் சுரப்புக்கு அயோடின் வேணும். தாய் சாப்பாட்டிலை எடுத்தால்தான் பாலிலை வரும், பாலிலை வந்தால்தான் பிள்ளைக்குக் கிடைக்கும். உம்மடை மனுசிக்கே இல்லை, அவ எங்கையிருந்து குடுப்பா? முட்டைக்கோசு இலை மட்டுமே திண்ட முயல்களுக்குக் கழுத்து வீங்கினதெண்டு முந்தி ஒருக்கால் படிச்சனான். மரவள்ளியைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. ஆனால் இந்த ரெண்டு வரியத்திலை நான் பார்த்த கழுத்துகளை நினைச்சால் எனக்குச் சந்தேகம்தான்.”

அயோடின். கலியாணசுந்தரத்துக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. பதினோரு வருடம் ஊரான் முழங்காலுக்கெல்லாம் புட்டி புட்டியாகத் தடவினவர் வீட்டில், பெண்டாட்டி பிள்ளைக்கு ஒரு கடுகளவு இல்லை.

“மாத்திரை ஏதாச்சும்...” என்றார்.

“இருந்தது. கப்பல் நிண்டதோடை அதுவும் நிண்டுபோச்சு. உமக்கு வேண்டிய அயோடின் கிளேபாங் கடலிலை கிடக்கு. மீன், றால், கூனி. பிள்ளைத்தாச்சிக்கும் பால் குடுக்கிறவக்கும்தான் மற்றவையைவிடக் கூடத் தேவை. அதுக்காக மருந்தெண்டு குடம் குடமாய்க் குடிக்கவும் வேண்டாம், சாப்பாடாய்ச் சாப்பிடட்டும். மரவள்ளியை விட ஏலாது, வேறை என்ன இருக்கு? வெட்டி ஊறவைச்சு, திறந்து அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்திப்போடும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கெதியாய்த் துவங்கும். உடம்பு தேறியிடும். மூளைக்குத்தான் எனக்குப் பயம். பிள்ளை அழட்டும், பிறகு வந்து சொல்லும்.”

பிள்ளை அழாது என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், பிள்ளை எப்போது அழும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வரும் வழியிலேயே செட்டிக் கம்போங்குக்குள் திரும்பி வடிவாம்பாள் வாசலில் நின்றார். எப்படிக் கேட்பது? பிரசங்கத்துக்கு வேண்டிய மலாய் அவரிடம் தாராளமாக இருந்தது; மன்னிப்புக்கு வேண்டிய மலாய் இல்லை. “சிஞ்சாலோக்...” என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். வடிவாம்பாள் நீட்டிய கையைப் பார்த்தாள், பின்னால் நின்ற கமலவேணியைப் பார்த்தாள். உள்ளே போய் அதே புட்டியை எடுத்துவந்து, அவர் கையில் கொடுக்காமல் கமலவேணியிடம் கொடுத்தாள். பிறகு, இது போதாது, விடிந்ததும் கிளேபாங் கரைக்குப் போ, வலைக்காரர்கள் வரும்போது நின்று வாங்கு என்று விரலை மடக்கி மடக்கி அவருக்கு உத்தரவு போட்டாள். அயோடின் ஐயா தலையாட்டினார். தலையாட்டுகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அவ்வளவு இனிமையாக இல்லை.

மறுநாள் காலை கிளேபாங்கில் தன்னுடைய நல்ல வேட்டியைக் கொடுத்துவிட்டு ஒரு கூடை கூனியும் நாலு மீனும் வாங்கினார். மூன்று மைல் தூரம் தலையில் சுமந்து வந்தார். கூடையிலிருந்து ஒழுகிய தண்ணீர் காதோரம் இறங்கிச் சட்டையை நனைத்தது. எதிரே வந்த தெருக்காரன் அப்பாசாமி மூக்கைப் பிடித்துக்கொண்டு, “என்ன ஐயா, கரப்பான் வராதா?” என்றான். நியாயமான கேள்வி. கலியாணசுந்தரம் நின்று பதில் சொல்லாமல் போனது அவர் சரித்திரத்திலேயே அன்றுதான் முதல்முறை.

கூடையை வீட்டில் இறக்கியதும்தான் அந்த மூன்று பெண்களின் நினைவு வந்தது. தன் பிள்ளைக்கு வந்தது போதாதென்று இன்னும் மூன்று பிள்ளைகளை அல்லவா கெடுத்து வைத்திருக்கிறார்! குளிக்காமல்கூட அடுத்த வீட்டுக்கு ஓடி, சுப்பையன் மனைவி விஜயாவைக் கூப்பிட்டார்.

“அம்மா, நான் சொன்ன பத்தியத்த ஒடனே நிறுத்திடும்மா. நான் சொன்னது தப்பு. மீன் சாப்பிடு. கழுத்தக் காட்டு, வீக்கம் இருக்கா?”

விஜயா முந்தானையால் வாயைப் பொத்தினாள். “கோச்சுக்காதீங்க ஐயா. நான் ஒருநாளும் நிறுத்தவே இல்ல. கருவாடு இல்லாம எனக்கு ஊபி எறங்காது.”

“அப்ப சரிங்க சரிங்கன்னு தலையாட்டினியே?”

“நீங்க வெய்யில்ல நின்னு அவ்வளவு நேரம் பேசறீங்க. பாவமா இருக்கும்லா.”

இரண்டாவது வீட்டுக்காரி பெலாச்சானை வறுத்துக்கொண்டே அதையே சொன்னாள். மூன்றாவது வீட்டில், அவர் என்ன சொன்னார் என்பதே ஞாபகம் இல்லை. மூன்று பிள்ளைகளும் கைகாலை உதைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்துச் சிரித்து, தெருவே இரண்டுபடும்படி அலறிக்கொண்டிருந்தன. தெய்வமே என்று அவருக்கு உயிர் வந்தது. வீட்டு வாசலுக்கு வந்தபோது அந்த உயிர் மறுபடியும் போயிற்று. இந்தத் தெருவில் அவர் பேச்சை நம்பியவள் ஒரே ஒருத்தி. அவள் பிள்ளைதான் பாயில் நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிறது.

கமலவேணி கூனியை அலசிக்கொண்டிருந்தாள். “எங்க போனீங்க?” என்று கேட்டாள். “சும்மா” என்றார். அவளிடம் அதைச் சொல்ல அவருக்குத் துணிவில்லை.

அதன்பிறகு அவர் நாளை எண்ணிக்கொண்டு பாய் ஓரத்திலேயே உட்கார்ந்தார். ஒரு வாரம். ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் கமலவேணி போர்வையை மடித்து வைத்தாள். மூன்றாவது வாரம் சீதா இரண்டு நாளைக்கு ஒருமுறை வெளியே போனாள். அவர் அதைத் தெருவில் சொல்லப்போய் அப்பாசாமி எழுந்து ஓடினான். ஆனாலும் அவள் அழவில்லை. எத்தனை நாள் அந்த முகத்தருகே குனிந்து, “அழும்மா, ஒரே ஒருதடவ அழுதுடும்மா” என்று கெஞ்சியிருப்பார்! அழாத பிள்ளை முன்னால் அவர் அழுதார்.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம். கொல்லையில் ஊபிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள், தினமும் குளிப்பாட்ட வரத் தொடங்கியிருந்த வடிவாம்பாள் சீதாவைக் காலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றினாள். அன்றைக்கு வெந்நீரில் சூடு போதவில்லை போலும். திடீரென்று ஒரு சத்தம். முதலில் அது சுப்பையன் மகன் என்றே நினைத்தார். அப்புறம், அது தன் வீட்டிலிருந்து வருகிறது என்று காது சொன்னது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

சீதா முகம் சிவந்து, கையை முறுக்கி, தண்ணீர் ஊற்றிய எல்லோரையும் திட்டுவதுபோல் வீறிட்டுக்கொண்டிருந்தாள். வடிவாம்பாள் சிரித்துக்கொண்டே இன்னொரு சொம்பு ஊற்றினாள். விஜயா பதறியடித்து வந்து, “என்ன ஐயா, பிள்ள இப்புடிக் கத்துது?” என்றாள்.

“கத்துறா பாத்தியா! கத்துறா!” என்று கலியாணசுந்தரம் சேற்றுக் காலோடு நடுவீட்டில் குதித்தார்.

டாக்டர் பொன்னுதுரை வந்து பார்த்தார். விரலை இங்கும் அங்கும் ஆட்டினார். சீதாவின் கண் கூடவே போயிற்று. பிறகு அவள் டாக்டரின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து, பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். “இனிப் பயமே இல்லை எண்டு சொல்ல மாட்டன். நடக்கிறதையும் கதைக்கிறதையும் பார்த்துத்தான் சொல்லலாம். ஆனால் பிள்ளை வந்திட்டுது,” என்றார். தன்னை விட்டுவிட்டு ஒரு மூக்குக்கண்ணாடியைப் பார்த்து முதலில் சிரித்தாளே என்று கலியாணசுந்தரத்துக்கு வருத்தம் இல்லை. தகப்பனைப் பார்த்தால் சிரிப்பு வர அவளுக்கு இன்னும் எத்தனையோ காரணம் இருந்தது.

அன்று கமலவேணி சாப்பிட உட்கார்ந்தபோது அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். இனியும் மறைக்க முடியவில்லை.

“கமலா, ஒண்ணு சொல்லணும். அந்த மூணு வீட்டுலயும் ஒருத்திகூட நான் சொன்ன பத்தியத்தக் கேக்கல.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“விஜயா கருவாடு பொரிச்சா நம்ம அடுப்படி வரைக்கும் வாசம் வரும். எனக்கு நாக்குல தண்ணி ஊறும்.”

“அப்புறம் நீ மட்டும் ஏன்...?”

கமலவேணி தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிஞ்சாலோக்கில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கிழங்கோடு பிசைந்துகொண்டிருந்தாள்.

“தோட்டத்துல நானூறு பேரு நீங்க சொன்னா கேட்டாங்க. இங்க வந்தப்புறம் ஒருத்தர் கேக்கல. நீங்க தெனம் போய் வாசல் வாசலா நின்னு பேசிட்டு வருவீங்க. நானும் கேக்கலன்னா நீங்க என்னங்க ஆவீங்க?”

கலியாணசுந்தரத்தின் கழுத்தில் ஒரு வீக்கமும் இல்லை. ஆனாலும் எச்சிலை விழுங்க முடியவில்லை.

“இனிமே நான் சொல்றத நீ கேக்காத கமலா,” என்றார்.

“சரிங்க,” என்றாள் அவள், இத்தனை நாளும் சொன்ன அதே குரலில்.

அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். உள்ளே சீதா பாலுக்கு வீறிட்டாள். அயோடின் ஐயா ‘சாப்பிடு’ என்றுகூடச் சொல்லாமல், மீன் இருந்த தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் பிள்ளையை எடுக்கப் போனார்.